நாற்பத்தொரு மாத்திரை

கட்டிலின் இரும்புக் கால் உள்ளே குழல்.
ரப்பர் மூடியைக் கழற்றித் தட்டினேன்.
நாற்பத்தொரு மாத்திரை
கையுறைக்குள் உதிர்ந்தன,
ஓரம் மட்டும் எச்சிலில் அரிபட்டு.
நாற்பத்தொரு இரவு
"விழுங்கினார்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது.
நாற்பத்தொரு இரவு
வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்திருக்கிறேன்.
கன்னத்துக்கும் கடைவாய்க்கும் நடுவே
இல்மார்ஸ் ஓர் அறை கட்டிக் குடியிருந்தது
எனக்குத் தெரியாது.

ரீகாவில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு அப்பால் டௌகாவா உறைந்து கிடக்கிறது.
இருபத்தாறு வருடம் அதன் உயரத்தை
அளவுகோலில் வாசித்துத் தொலைபேசியில் ஒப்பித்தவர்.
இப்போது ஆறு தன்னை வாசிக்கிறது என்கிறார்,
பெயர் சொல்லி, சத்தமாக,
விடியும்வரை.

திங்கட்கிழமை படலம் வந்தது.
தபால்தலையில் பாதி. வெங்காயத் தோலின் நிறம்.
"விரலைத் துடைத்துவிட்டுத் தொடு, வெல்கா,
ஈரம் பட்டால் விரலுக்குத்தான் வைத்தியம்"
என்றான் மருந்தகத்து ஆர்விட்ஸ்.
உள்ளே இருக்கும் துகள்களை
ஒரு மயிரிழையின் குறுக்கே நிறுத்தினால்
ஐந்நூறு பேர் நெரிசலின்றி நிற்பார்களாம்.
நானோ, என்றான்.
எனக்கு அது கேள்வியாகக் கேட்டது.

நாக்கில் வைத்துப் பத்து எண்ணினால் இல்லை.
தண்ணீர் வேண்டாம். துப்ப முடியாது. பதுக்க முடியாது.
கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினோம்.
நானும் தட்டினேன்.

மூன்றாம் அறை ஸ்கைத்ரீட்டுக்கு
வாதம் வந்தபின் ஒரு மிடறு நீரும் புரையேறும்.
மாத்திரை என்றாலே கழுத்தைப் பிடித்துக்கொள்வாள்.
அன்று இருமவில்லை.
இவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று
என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.
அதையும் சொல்லியாக வேண்டும்.

இல்மார்ஸ், "புதினா" என்றார்.
விளக்கை அணைக்கப் போகும்போது சொன்னார்:
"எனக்கென்று இருந்தது ஒரே ஒரு கதவு.
தாழ்ப்பாளைக் கரைத்துவிட்டீர்கள்."

மருந்தறையில் மாதிரிப் படலம் ஒன்று இருந்தது, மருந்தில்லாதது.
என் நாக்கில் வைத்துக்கொண்டேன்.
மூன்றில் ஓரம் போனது.
ஆறில் வழவழப்பு.
எட்டில் எங்கே என்று தேடி
நாக்கு நாக்கையே தடவியது.
வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள்
வேண்டாததே இல்லை.

மறுநாளிலிருந்து டார்ச் எடுத்துப் போகவில்லை.
உறையை மேசையில் வைத்து, "இன்று?" என்பேன்.
புதனன்று அதைப் பிரித்து
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார்.
மூச்சுபட்டுப் பூத்திருந்த ஈரத்தில்
அது நெகிழ்ந்து, மஞ்சளாய் ஒரு கோடு இழுத்து
சட்டத்தில் இறங்கி மறைந்தது.
"ஆறு குடிக்கட்டும். கத்துவது அதுதானே."
என் தாளில் இரண்டே கட்டம்: ஏற்றார், மறுத்தார்.
நடுவில் "ஜன்னல்" என்று எழுதினேன்.
டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார்.

வியாழன், இல்லை.
வெள்ளி, போர்வையில் விரல் துடைத்தார்.
உறை இரண்டு தடவை வழுக்கியது.
உதவப் போன என் கையை
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
நாக்கை நீட்டி வைத்துக்கொண்டே எண்ணினார்,
எல்லா எண்ணும் ஒரே எண்போல் குழறியது.
நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மார்ச் கடைசியில் ஒரு காலை
கரையில் காகம் கரைந்தது,
பனியும்.
பாளங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு
கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன.
படலமா, பருவமா, எது என்று எனக்குத் தெரியாது.
"இன்னும் கூப்பிடுகிறதா?" என்றேன்.
"கூப்பிடுகிறது. வேறு யாரையோ."
கண்ணைச் சுருக்கி, பாலத்தூணைப் பார்த்து,
"இரண்டு மீட்டர் பதினாறு" என்றார்.

கட்டம் எதுவும் இல்லை அதற்கு.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.